உச்சி வெயிலைக் கும்பிடுகிற சனம்: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

என் தொடர்கதையில் வரும் உருமர்கள் நான் கற்பனையில் உண்டாக்கிய பாலைவன மக்கள். அவர்களுக்குச் சூரியன்தான் சாமி. அந்தச் சாமிக்குக் கோயில் கிடையாது, கிணறுதான் உண்டு. உச்சி நேரத்தில் யாரும் வேலை செய்யக்கூடாது, நிழலை யாருக்கும் மறுக்கக்கூடாது. இதுவரை வந்த அத்தியாயங்களில் முக்கியமாகச் சொன்னது இதைத்தான், அதற்கே பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து கடிதங்கள் வந்துவிட்டன. கத்திரி நேரத்தில் படித்ததாலோ என்னவோ, எல்லாருமே சாமியைவிட வெயிலைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

கே: வெயிலில் வெந்து சாகிற மக்கள் அந்தச் சூரியனையே கும்பிடுவார்களா? குளிர் நாட்டுக்காரன் கும்பிட்டால் அர்த்தம் இருக்கிறது. இவர்கள் மழையையோ நிழலையோ கும்பிடுவதாக எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.
(ஒரு வாசகர், குடியாத்தம்)

ப: நியாயமான சந்தேகம். இப்படி யோசித்த ஒரு சனம் முன்பே இருந்ததாகப் பதிவும் இருக்கிறது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், லிபியப் பாலைவனத்தில் அடராண்டர் என்று ஒரு மக்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிவைத்தார். சூரியன் உச்சிக்கு ஏறும்போது, எங்களையும் எங்கள் நிலத்தையும் எரிக்கிறாயே என்று அதைப் பார்த்துச் சாபம் விடுவார்களாம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள், திட்டுகிறவனும் எதிரில் இருப்பது காதுகொடுத்துக் கேட்கும் என்று நம்பித்தான் திட்டுகிறான். அங்கிருந்து கும்பிடுவதற்கு அதிக தூரமில்லை. அம்மை போட்டால் நம் பாட்டிமார் யாரிடம் போனார்கள்? முத்துப் போட்டவளே இறக்கட்டும் என்று மாரியாத்தாளிடம்தானே போனார்கள். உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி, கத்திரியின் நட்டநடுவில் வருகிறது. நம் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து ஆடி, துரியோதனனைப் படுகளத்தில் சாய்த்து, கடைசியில் தீ மிதிக்கிற அக்னி வசந்த விழாவும் கோடையில்தான் நடக்கிறது. வெயில் ஏறி நிற்கிற மாதத்தில் நெருப்பின் மேலேயே நடந்து காட்டுகிற மக்கள் நாம். கொல்லக்கூடிய சக்தி எதுவோ அதனிடம்தான் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும் என்பது நமக்குப் புதிதா என்ன? குளிர் நாட்டுக்காரன் சூரியனிடம் வா என்பான், உருமன் போதும் என்பான். இரண்டு பேரும் கும்பிடுவது ஒரே சாமியைத்தான்.

அப்புறம், பாலைவனத்துச் சூரியனுக்கு ஒரே முகம் கிடையாது. மேகமில்லாத வானமும் ஈரமில்லாத காற்றும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் பிடித்துவைக்காது, அதனால் பகலில் கொளுத்துகிற அதே மணல் விடியற்காலையில் உடம்பை நடுங்கவைக்கும். அந்த நேரத்தில் கிழக்கே வெளுத்தால் எப்படி இருக்கும்! எகிப்தியர்கள் காலைச் சூரியனை கெப்ரி என்றும், உச்சிச் சூரியனை ரா என்றும், சாயும் சூரியனை ஆட்டும் என்றும் வைத்துக் கும்பிட்டார்கள். உருமர்களுக்கும் மூன்று உண்டு. காலைக்குப் பாட்டு, மாலைக்கு விளக்கு. உச்சிக்கு எதுவும் இல்லை, தலையை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்வார்கள், அந்த உட்கார்தலே வழிபாடு.

கே: குடிக்கவே வழியில்லாத ஊரில் தினமும் விடியலில் தண்ணீரை மணலில் ஊற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போது வயிறு எரிந்தது. அதை ஒரு குழந்தைக்குக் கொடுக்கக்கூடாதா?
(ஒரு வாசகி, ஆம்பூர்)

ப: அம்மா, தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

இதற்கு உண்மையான முன்மாதிரி உண்டு. இன்றைய ஜோர்டானில் பெட்ரா நகரைக் குடைந்த நபட்டேயர்கள் பாலைவன வணிகர்கள். அவர்கள் சூரியனை வணங்கினார்கள், வீட்டு மாடியில் பலிபீடம் வைத்து அன்றாடம் பானம் வார்த்துச் சாம்பிராணி புகைத்தார்கள் என்று ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர் எழுதியிருக்கிறார். அதே மக்கள்தான் தண்ணீரில் மகா கெட்டி. வாய் குறுகலாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் தொட்டி வெட்டி, மழைநீரை நிரப்பி, வாயை மண்ணோடு மண்ணாக மூடி, தங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் வைத்துவிட்டுப் போவார்கள் என்று டியோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் சொல்கிறார். எதிரி துரத்தி வந்தால் அவன் தாகத்தில் சாவான், இவர்கள் பிழைப்பார்கள்.

உருமர்கள் ஊற்றுவது ஒரு உள்ளங்கை அளவுதான். எல்லா வீட்டு வாசலிலும், எல்லாரும் பார்க்க ஊற்றவேண்டும். எந்த வீட்டு வாசல் மணல் நனையவில்லையோ அந்த வீட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும், அன்றைக்குக் கிணற்றில் முதலில் இறைப்பது அவர்கள்தான். வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிற குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன, அவர்கள் கேட்காமலே கொடுப்பதற்கு ஒரு வழி வேண்டுமே என்றுதான் இந்தச் சடங்கை யோசித்தேன். உங்கள் குழந்தைக்குத் தண்ணீர் போய்ச் சேரும், கவலைப்படாதீர்கள்.

கே: நரபலி எப்போது வரும்?
(ஒரு கல்லூரி மாணவர், திருப்பத்தூர்)

ப: வராது, தம்பி. சூரியன் ஓடிக்கொண்டே இருக்க ரத்தம் வேண்டும் என்று நம்பிய பழைய மெக்சிகோவின் அஸ்டெக்குகள் பெரிய பேரரசாக, லட்சக்கணக்கான மக்களோடு இருந்தார்கள். நூறு பேர் சேர்ந்து ஒரு கிணற்றைத் தூர்வாரி உயிர் பிழைக்கிற கூட்டத்தில் ஒவ்வொரு ஆளின் கையும் வேண்டும். ஆளைக் கேட்கிற சாமி அங்கே இரண்டு தலைமுறைகூடத் தாங்காது.

கே: சூரியனுக்கு ஏன் ஒரு பிரம்மாண்டமான கோயில் கட்டிக்கொடுக்கவில்லை? கதை படமாக வந்தால் அதுதானே முக்கியக் காட்சி?
(ஒரு வாசகி, ஆரணி)

ப: பிரம்மாண்டமான சூரியக் கோயிலைக் கட்டிப் பார்த்த ஒருவர் இருந்தார், அவர் கதையைக் கேளுங்கள். எகிப்தில் சுமார் கி.மு. 1350 வாக்கில் ஆண்ட அக்கெனாட்டன், மற்ற தெய்வங்களை ஒதுக்கிவிட்டு ஆட்டென் என்ற சூரிய வட்டத்தை மட்டும் வணங்கச் சொன்னார். அதற்காகவே பாலைவன ஓரத்தில் ஒரு புதுத் தலைநகரம் கட்டினார், இன்று அமர்னா என்கிறார்கள். அங்கே பெரிய கோயிலுக்குக் கூரை இல்லை, வெட்டவெளியில் நூற்றுக்கணக்கில் படையல் மேடைகள். சூரியக் கதிர் ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னச் சின்னக் கைகள் வைத்துச் சிற்பம் செதுக்கினார்கள், அவ்வளவு அழகு. ஆனால் அந்தக் கதிர்க் கைகள் உயிரை நீட்டுவது அரச குடும்பத்துக்குத்தான்.

அந்த இடிபாடுகளில் 1887இல் களிமண் பலகைக் கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் அசிரிய அரசர் அசூர் உபல்லித் எகிப்து அரசருக்கு அனுப்பிய கடிதம் ஒன்று இருக்கிறது. என் தூதர்களை ஏன் வெயிலில் நிற்கவைத்துச் சாகடிக்கிறீர்கள், அதனால் அரசருக்கு ஏதாவது லாபம் என்றால் நிற்கட்டும், இல்லையென்றால் எதற்கு, என்று கேட்கிறார். திறந்தவெளிச் சடங்குகளில் மணிக்கணக்கில் நிற்கவைத்ததைத்தான் சொல்கிறார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அக்கெனாட்டன் இறந்து சில ஆண்டுகளிலேயே அந்த நகரம் காலியாகிவிட்டது, பழைய சாமிகள் திரும்பி வந்துவிட்டார்கள்.

எனக்கு அந்தக் கடிதம் மனதில் தங்கிவிட்டது. குடைக்குக் கீழே நிற்கிறவர் உண்டாக்கிய சூரிய மதம் அது. உருமர்களின் மதம் வெயிலில் நிற்கிறவர்கள் உண்டாக்கியது, அதனால்தான் அதில் கோபுரம் இல்லாமல் நிழலைப் பற்றிய சட்டம் இருக்கிறது. படமாக வந்தாலும் அப்படித்தான்.

கே: சூரியனை ஆத்தா என்கிறார்களே, சூரிய பகவான் ஆண் தெய்வம் இல்லையா?
(ஒரு வாசகர், சோளிங்கர்)

ப: நமக்கு ஆண். சிரியக் கடற்கரையில் இருந்த உகரித் நகரத்தாருக்கு ஷபஷ் என்ற பெண் தெய்வம், பழைய தென் அரேபியாவில் ஷம்ஸ் என்ற பெண் தெய்வம், ஜப்பானியருக்கு அமதெராசு. மெசொப்பொத்தேமியாவில் ஷமாஷ் ஆண், நீதிபதியும்கூட, எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறவரிடம் பொய் சொல்ல முடியாதல்லவா. உருமர்கள் தெற்கத்தி அரேபியர்கள் பக்கம்.

கே: உருமர்களின் பூசாரி கல்லில் விழும் நிழலைப் பார்த்துப் பொழுது சொல்கிறார். எங்கள் கோயிலில் இருக்கும் காலம் காட்டும் கல்லைப் பார்த்துத்தானே எழுதினீர்கள்? மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்கிற இடமும் அச்சு அசல் பாலாறு.
(ஒரு வாசகர், விரிஞ்சிபுரம்)

ப: ஆமாம், இரண்டுமே உங்கள் ஊரிலிருந்து எடுத்ததுதான். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் மதிலழகைச் சொல்லாதவர் கிடையாது, ஆனால் உள்ளே அந்த அரைவட்டக் கல்லைத் தேடிப் பார்க்கிறவர்கள் குறைவு. கோடுகள் செதுக்கிய அந்தக் கல்லில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற கோடு பொழுதைச் சொல்லிவிடும். பூசை நேரத்தைச் சூரியனே அறிவிக்கிற ஏற்பாடு.

உருமர்களின் பூசாரிக்கு மந்திரம் தெரியவேண்டியதில்லை, நாள் பார்க்கத் தெரியவேண்டும். பெரு நாட்டின் கடலோரப் பாலைவனத்தில் சன்கியோ என்ற இடத்தில் ஒரு மேட்டின் முதுகில் வரிசையாக 13 கோபுரங்கள் நிற்கின்றன, 2,200 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை, 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் சூரியன் உதிக்கும் இடம் ஆண்டு முழுக்க ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு நகர்ந்துகொண்டே போகும், கடைசிக் கோபுரத்தைத் தொட்டுத் திரும்பும். நாம் உத்தராயணம், தட்சிணாயனம் என்பதை அவர்கள் கல்லிலேயே கட்டிவைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் வறண்ட மேட்டு நிலத்தில் வாழும் ஹோப்பி மக்களிடம் சூரியனைக் கவனிப்பதற்கென்றே ஒரு பொறுப்பு உண்டு. அந்தப் பெரியவர் தொடுவானத்து மேடு பள்ளங்களில் எந்த இடத்தில் சூரியன் எழுகிறது என்று பார்த்து மக்காச்சோளம் விதைக்கிற நாளை ஊருக்குச் சொல்வார். அவர் தவறினால் விதை வீணாகும். உருமர்களின் பூசாரிக்கு இருக்கிற மரியாதையும் பயமும் அங்கிருந்து வந்தவை.

பாலாற்றைப் பற்றிச் சொன்னீர்கள். மேலே வெறும் மணல், கீழே ஓட்டம் இருக்கிறது என்று தெரிந்து ஆற்றுக்குள் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்கள் நம் முன்னோர். தண்ணீர் கண்ணில் படாவிட்டாலும் இருக்கிறது என்று நம்பி வெட்டுவதற்கு ஒரு மனது வேண்டும், அந்த மனதைத்தான் நான் உருமர்களுக்குக் கொடுத்தேன். மணலை வாரி வாரி விற்று அந்த ஊற்றுகளையே அழித்துவிட்டோம் என்பது தனியாகப் பேசவேண்டிய துக்கம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் அடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த அத்தியாயத்து வெள்ளம் ஆச்சரியமாக இருக்காது. பாலைவனத்திலும் காய்ந்த ஓடை திடீரென்று பொங்கி ஆளை அடித்துக்கொண்டு போகும். ஆத்தா குடித்ததையெல்லாம் ஒருநாள் திருப்பித் தருவாள் என்று உருமர்கள் அதைச் சொல்வார்கள்.

கே: கிணற்றின் அடி வரைக்கும் சூரியன் தெரிகிற நாளில் திருவிழா என்று எழுதியிருக்கிறீர்கள். அறிவியல்படி சாத்தியமா?
(9ஆம் வகுப்பு மாணவி, காட்பாடி)

ப: சாத்தியம், பாப்பா. நீயே உன் வீட்டு மாடியில் சோதித்துப் பார்க்கலாம். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருக்கிற எல்லா ஊருக்கும் ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். நம் வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை. சரியாக 12 மணிக்கு நிற்காதே, இந்திய நேரம் நமக்குக் கிழக்கே இருக்கிற தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது, அதனால் நமக்கு உச்சி 12.10க்கும் 12.20க்கும் நடுவில் வரும். ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைத் தரையில் செங்குத்தாக நிறுத்து, நிழல் குழாயின் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். ஏப்ரல் வெயிலில் செய்வதானால் செருப்பும் தொப்பியும் கட்டாயம்.

கிணறு விஷயமும் பழையதுதான். எகிப்தின் தெற்கில் சையீனில், அதாவது இன்றைய அஸ்வானில், கோடையின் மிக நீண்ட பகலன்று உச்சியில் கிணற்றடி வரை வெளிச்சம் விழும் என்று சொல்லப்பட்டதை வைத்து, அதே நேரத்தில் அலெக்சாண்டிரியாவில் விழுந்த நிழலின் கோணத்தை அளந்து, எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார், 2,200 ஆண்டுகளுக்கு முன்னால். உருமர்களுக்கு அது ஆத்தா தண்ணீர் குடிக்க இறங்கி வருகிற நாள். அன்றைக்கு உச்சி முடியும்வரை மனிதர்கள் யாரும் அந்தக் கிணற்றில் இறைக்கமாட்டார்கள்.

கே: நாங்கள் கம்பி கட்டுவதும் கான்கிரீட் போடுவதும் மொட்டை மாடியில், கத்திரி வெயிலில்தான். உங்கள் கதையில் உச்சியில் வேலை செய்வது பாவம் என்று சாமியே சொல்கிறது. எங்களுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?
(ஒரு கட்டட மேஸ்திரி, பேரணாம்பட்டு)

ப: மேஸ்திரி அண்ணா, இந்தத் தொடரை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

உருமர்களின் மதத்தில் முதல் கட்டளை சூரியனைக் கும்பிடு என்பது கிடையாது, நிழலை மறுக்காதே என்பதுதான். இன்று என் கூடாரத்துக்கு வருகிறவனின் கூடாரத்துக்கு நாளை நான் போகவேண்டியிருக்கும், அதனால் எதிரியாக இருந்தாலும் உச்சியில் வந்தால் உள்ளே விடவேண்டும். நிழலுக்குள் உட்காருவதற்கும் முறை உண்டு: நடுவில் கைக்குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி, வயசானவர்கள், வேலையிலிருந்து அப்போதுதான் வந்தவர், எல்லாருக்கும் கடைசியில் ஓரத்தில் தலைவன். பொழுது சாயச் சாய நிழல் நகரும், எல்லாரும் நகர்ந்து உட்கார்வார்கள், இடம் போதாவிட்டால் வெயிலுக்குப் போகிறவன் தலைவன்தான்.

கற்பனையில் மட்டும் இல்லை, இது சட்டமாகவும் இருக்கிறது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை, 2021இல் இந்த நேரத்தை நீட்டினார்கள். எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் மூன்று மாதம் 12.30இலிருந்து 3 மணி வரை ஓய்வு. நம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால், அங்கேயும் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்பதைச் சொல்வார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லதுதான், ஆனால் உயிர் போன பிறகு குடும்பத்துக்கு நிவாரணம் கொடுப்பது ஒன்று, 12 மணிக்குக் கொத்தனாரைக் கீழே இறங்கி வா என்று சொல்வது இன்னொன்று. வேலூரில் மே மாதம் 42, 43 டிகிரி அடிக்கிறது, அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி 11க்கு நிறுத்தி, 4 மணிக்கு மறுபடி தொடங்கினால் கான்கிரீட்டுக்கும் நல்லது, சுடுகிற வெயிலில் போட்ட தளம் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடுவது உங்களுக்கே தெரியும். வீடு கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் தங்கள் மேஸ்திரியிடம் இன்றைக்கே பேசுங்கள், ஒரு சாக்குப் பந்தலும் பானைத் தண்ணீரும் வைத்துக்கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலை செய்துகொண்டிருக்கிற ஆள் திடீரென்று உளறினாலோ நடை தள்ளாடினாலோ மயங்கினாலோ களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டுக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

கே: கிரகணம் வந்தால் உருமர்கள் என்ன செய்வார்கள்? பயப்படுவார்களா?
(ஒரு வாசகி, வாலாஜா)

ப: 2019 டிசம்பர் 26 கிரகணம் நமக்குப் பகுதியாகத்தான் தெரிந்தது, அதற்கே தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி வைத்துக் காத்திருந்த வீடுகள் நம் பக்கம் நிறைய. உருமர்கள் பயப்படமாட்டார்கள், வெளியே ஓடிவருவார்கள். பகலில் நிழல் தேடாமல், துணி போர்த்தாமல், எல்லாரும் சேர்ந்து நிற்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான், ஆத்தாளே பந்தல் போட்டுத் தருகிறாள். ஆனால் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள், நீங்களும் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. வேப்பமரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள், இலை இடுக்கு வழியாக விழுகிற ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் பிறையாக மாறியிருக்கும்.

கே: ஆண்டு விழாவில் உருமர்களை நாடகமாகப் போட ஆசைப்படுகிறோம். என்ன உடை போடுவது? வெயில் ஊருக்கு வெள்ளைதானே சரி?
(ஒரு பள்ளி ஆசிரியை, செய்யாறு)

ப: தாராளமாகப் போடுங்கள், டீச்சர். வெள்ளையும் போடலாம், கறுப்பும் போடலாம். எகிப்தின் சினாய்ப் பாலைவனத்து நாடோடிகளான பெதோயின்கள் கறுப்பு அங்கி போடுவது ஏன் என்று 1980இல் ஆய்வாளர்கள் வெயிலில் ஆளை நிறுத்தியே அளந்து பார்த்தார்கள். கறுப்புத் துணி அதிகச் சூட்டை வாங்கத்தான் செய்கிறது, ஆனால் அங்கி தொளதொளவென்று இருப்பதால் உள்ளே காற்று ஓடி அந்த அதிகச் சூடு தோலுக்கு வருவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது, உடம்புக்குப் போய்ச் சேருவது இரண்டு நிறத்திலும் ஒரே அளவுதான். ஆகவே நிறம் உங்கள் விருப்பம், தைக்கும்போது மட்டும் தாராளமாக விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், நைலான் வேண்டாம், பருத்தி போதும். ஒத்திகையைக் காலை 10 மணிக்குள்ளோ மாலை 4க்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். தலைவன் வேடம் போடுகிற பையனை நிழல் காட்சியில் கடைசியாக, ஓரத்தில் உட்காரவையுங்கள்.